நுண்மையும் நேர்மையும்: ரொபேட் பொஷ் அவர்களின் வாழ்க்கை வரலாறு

நாடுகளை வென்றோர் பெயரையும் நாடுகளை ஆண்டோர் பெயரையும் வரலாறு பொன்னெழுத்திற் பொறித்து வைக்கின்றது. கைத்தொழிலை வளர்த்தோர் பெயரோ அவர்கள் ஆக்கிய பொருள்களின் மேல் மாத்திரம் பொறிக்கப்பட்டு, எண்ணெய்க் கறைக்கும் புகைக் கரிக்கும் இடையே மங்கிக் கிடக்கின்றது. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள பாலையூற்றிலே, மோட்டார் திருத்தும் கொட்டிலொன்றினுள் நுழைவோர், அங்குக் கழற்றி வைக்கப்பட்டிருக்கும் பிளக்கிலோ பம்பியிலோ பொஷ் என்னும் பெயரைக் காண்பது அரிதன்று. அப்பெயர் ஒரு பொருளின் பெயரென்றே பலரும் எண்ணுவர். அது பட்டறைத் தொழிலாளியாய் வாழ்வைத் தொடங்கிப் பெருஞ் செல்வராய் உயர்ந்த ஒருவரின் பெயராகும். அளவிலே நுண்மையும் நடத்தையிலே நேர்மையும் ஒருங்கே வேண்டுமென வாழ்ந்தவர் அவர். அவருடைய கைத்திறனின் உச்சியாய் விளங்கிய கருவியொன்று, அவர் வெறுத்த போருக்கே முதலிற் பணிபுரிய நேர்ந்தமை அவர் வாழ்வின் பெருஞ் சோகம். இவ்விரண்டையும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

ரொபேட் பொஷ் அவர்கள் 1861ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் 23ஆந் திகதி, தென் ஜேர்மனியிலுள்ள ஊல்ம் நகருக்கு அணித்தாகிய அல்பெக் என்னுங் கிராமத்திற் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் பன்னிருவருள் இவர் பதினோராமவர். தந்தையார் கமக்காரர், வழிப்போக்கர் தங்கும் விடுதியொன்றையும் நடத்தியவர், நூல்களைக் கற்பதில் ஆர்வமும், எவருக்கும் அஞ்சாத சிந்தனையும் வாய்க்கப் பெற்றவர். நிலத்தின் மீதுள்ள பற்றையும் அறிவின் மீதுள்ள பற்றையும் மகனார் தந்தையாரிடமிருந்தே பெற்றனர் எனலாம்.

ஊல்ம் நகரப் பாடசாலையிற் கல்வி கற்றபின், நுண்கருவித் தொழில் பயிலும்பொருட்டுப் பட்டறை ஒன்றிற் சேர்க்கப்பட்டார். அங்கு ஆசிரியராய் அமைந்தவர் பயிற்சியிற் கருத்தூன்றாதவர். ஆண்டுகள் பல கழிந்தும் அக்குறை பொஷ் அவர்களின் நெஞ்சை விட்டகலவில்லை. பிற்காலத்தில், 1913ஆம் ஆண்டு, தமது தொழிற்சாலையிலே பயிலுநர்க்கெனத் தனிப் பட்டறையொன்றை நிறுவித் தக்க ஆசிரியரை அமர்த்தியமைக்கு, தாம் இளமையிற் பெறாத கல்வியைப் பிறராவது பெறல் வேண்டுமென்ற எண்ணமே காரணமாயிற்று.

பயிற்சி முடிந்தபின் ஊரூராய்ச் சென்று தொழில் கற்றார். ஸ்ருட்கார்ட் தொழில்நுட்பக் கழகத்திற் சிலகாலம் விரிவுரைகளைக் கேட்டார். 1884ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று எடிசனோடு தொடர்புடைய தொழிற்சாலையிற் பணியாற்றினார். அங்குத் தொழிலாளர் படும் இன்னலைக் கண்ணாரக் கண்டு, அவர்தம் சங்கமொன்றிலும் உறுப்பினரானார். அதன்பின் இங்கிலாந்திலே சீமென்ஸ் நிறுவனத்திற் சிலகாலம் வேலை பார்த்துத் தாய்நாடு திரும்பினார்.

தீப்பொறி தந்த வாழ்வு

1886ஆம் ஆண்டு நொவெம்பர் 15ஆந் திகதி, தந்தையார் விட்டுச் சென்ற பணத்திலிருந்து 10,000 மார்க்கை முதலாக இட்டு, ஸ்ருட்கார்ட் நகரிலே நுண்கருவிப் பட்டறை ஒன்றைத் திறந்தார். உதவிக்கு ஒரு கைவினைஞரும் ஓர் ஏவலாளுமே இருந்தனர். தொலைபேசி பொருத்துதல், மின்மணி அமைத்தல் முதலாகக் கிடைத்த வேலை யாவற்றையும் செய்தார். கடன் சுமை பல்லாண்டு அழுத்திற்று. ஆயினும், பிழைபட்ட வேலையொன்று தமது பட்டறையை விட்டு வெளியேறுவதை அவர் ஒருபோதும் ஒப்பவில்லை.

1887ஆம் ஆண்டு வாடிக்கையாளர் ஒருவர், எரிவாயு எஞ்சினுக்குத் தீப்பொறி வழங்கும் மக்னீற்றோ என்னுங் கருவியைச் செய்து தருமாறு வேண்டினார். அத்தகைய கருவியை வேறொரு நிறுவனம் முன்னரே செய்திருந்தது. அதற்குக் காப்புரிமை உண்டோ என முதலில் விசாரித்து, இல்லையென அறிந்த பின்னரே பொஷ் அவர்கள் அதனைத் திருத்தமுறச் செய்தளித்தார். பிறர் உழைப்பைக் கவர்தலாகாது என்பதில் அவருக்கிருந்த கண்டிப்பு இதனாற் புலனாகும். பத்தாண்டு கழித்து, 1897ஆம் ஆண்டு, அக்கருவி விரைந்து சுழலும் மோட்டார் முச்சக்கர வண்டியொன்றுக்கு ஏற்றவாறு மாற்றியமைக்கப்பட்டது. 1902ஆம் ஆண்டு அவருடைய பொறியியலாளர் கொற்லொப் ஹோனொல்ட் என்பார் உயரழுத்த மக்னீற்றோவையும் அதற்குரிய பிளக்கையும் ஆக்கினார். அன்று தொட்டு மோட்டார் வண்டியுலகம் பொஷ் நிறுவனத்தின் வாயிலை நாடி வந்தது. 1906ஆம் ஆண்டளவில் 100,000ஆவது மக்னீற்றோ வெளிவந்தது.

தொழிலாளரும் முதலாளியும்

செல்வம் வந்தவழி அதனைப் பிறரோடு பகிர்தல் அரிது. பொஷ் அவர்கள் அவ்வரிய செயலைச் செய்தார். பத்து மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பதே வழக்கமாயிருந்த 1906ஆம் ஆண்டில், தமது தொழிற்சாலையிலே எட்டு மணி நேர வேலையை நடைமுறைக்குக் கொண்டு வந்தார். 1910ஆம் ஆண்டு சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வையும் வழங்கினார். ஏனைய முதலாளிமார் இவரைச் செங்கொடிக்காரரென ஏளனஞ் செய்தனர். இவையெல்லாம் வெறும் இரக்கத்தாற் செய்தவையல்ல. களைத்த கை நுண்மையான வேலையைச் செய்யாதென்பதும், நல்ல கூலி பெறுபவனே நல்ல பொருளைத் தருவானென்பதும் அவர் கண்ட உண்மைகள். அங்ஙனமிருந்தும் 1913ஆம் ஆண்டு அவருடைய தொழிற்சாலையிலும் வேலைநிறுத்தம் மூண்டது. அது அவர் மனத்தைப் பெரிதும் வருத்திற்று. அதன்பின் முதலாளிமார் சங்கத்தில் அவரும் சேர்ந்துகொண்டார்.

செலவிற் சிக்கனமும் கொடையிற் பெருமையும் அவரிடம் கூடியிருந்தன. காரியாலயத் தரையிற் கிடந்த காகிதக் கவ்வியொன்றை எடுத்துக் காட்டி, அது யாதென வினவி, ஊழியர் அதன் பெயரைக் கூற, அது தமது பணமென அவர் திருத்தினாரென்று ஒரு கதை வழங்கி வருகின்றது. இத்தகையவரே 1910ஆம் ஆண்டு ஸ்ருட்கார்ட் தொழில்நுட்பக் கழகத்துக்கு 10 இலட்சம் மார்க்கை ஈந்தார். முதலாம் உலகப் போர்க் காலத்தில், போராற் கிடைத்த ஊதியத்தைத் தாம் வைத்துக்கொள்ளல் தகாதெனக் கருதி, நெக்கார் ஆற்றைக் கப்பற் போக்குவரத்துக்கு ஏற்றதாக்கும் பணிக்கென 1916ஆம் ஆண்டு 130 இலட்சம் மார்க்கை நன்கொடையாக வழங்கினார்.

அப்போரின் முடிவில் வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் பலவற்றை அவர் இழந்தார். அவ்விழப்பினும் கொடியதொன்று 1921ஆம் ஆண்டு நேர்ந்தது. தமக்குப்பின் தொழிலைத் தாங்குவாரென நம்பியிருந்த மகனார், நெடுநாள் நோயுற்றிருந்து இறந்தார். அறுபது வயதை எட்டிய தந்தையார், தாம் கட்டியெழுப்பிய யாவும் யாருக்கென்று கலங்கிய காலம் அது. அக்காலத்திலேதான் அவருடைய நிறுவனம் தனது மிகக் கடினமான வேலையில் இறங்கிற்று.

எரிபொருட் பம்பி

மோட்டார் எஞ்சினின் உருளையினுள்ளே, பிஸ்டன் எனப்படும் முசலம் மேலுங் கீழும் இயங்குகின்றது. அதனை இயக்குவது எரிபொருளும் காற்றுங் கலந்து எரிவதால் எழும் விசை. பெற்றோல் எஞ்சினில் ஒரு பங்கு பெற்றோல் முற்றாய் எரிவதற்கு ஏறக்குறைய 15 பங்கு நிறையுள்ள காற்று வேண்டும். இக்கலவையை ஆக்குவதற்குப் பண்டு தொட்டுப் பயன்பட்டது காபரேற்றர். உள்ளே விரையும் காற்று, மிதவைக் கிண்ணத்திலிருக்கும் பெற்றோலை ஒரு சிறு துளையினூடு உறிஞ்சி எடுத்துச் செல்லும். அமைப்பு எளியது; விலையுங் குறைந்தது. 1990ஆம் ஆண்டுகளிலே பெற்றோல் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் சிறிது பெற்றோல் காட்டி இயக்கப்பட்டு, பின்னர் மண்ணெண்ணெயிலே ஓடியதை நாமறிவோம். எதனை வார்த்தாலும் இயன்ற மட்டும் ஏற்றுக்கொள்ளும் பொறுமை காபரேற்றருக்கு உண்டு.

ஆனால் அப்பொறுமையோடு சோம்பலும் உடனுறைந்தது. உருளைகள் பல உள்ள எஞ்சினில், அருகிலுள்ள உருளைக்கு மிகுதியாகவும் தொலைவிலுள்ளதற்குக் குறைவாகவும் கலவை சென்றது. குளிரில் ஒருவாறும் வெப்பத்தில் வேறொருவாறும் அது நடந்தது. ஆகாய விமானத்திலோ, உயரத்துக் குளிரிற் காபரேற்றரினுள்ளே பனி உறைந்தது. விமானம் சரிந்தபோது மிதவை நிலைகுலைந்தது. எனவே, ஒவ்வோர் உருளைக்கும் வேண்டிய எரிபொருளை அளந்து, உரிய கணத்தில், அழுத்தத்தோடு பாய்ச்சுவதே சிறந்த வழியென அறிஞர் சிலர் கண்டனர். பிரான்ஸ் தேசத்து லெவவசேர் என்பார் தமது அன்ரொயினெற் விமான எஞ்சினிலே 1906ஆம் ஆண்டளவில் இதனை முயன்றார். பொஷ் நிறுவனத்தாரும், எஞ்சினுக்கு எண்ணெயூட்டத் தாம் செய்துவந்த சிறு பம்பியை மாற்றியமைத்து, 1912ஆம் ஆண்டளவிலே பெற்றோலைப் பாய்ச்சிப் பார்த்தனர். கருத்து நன்று, அதனை நிறைவேற்றும் நுண்மை அப்போது எவர் கையிலும் இல்லை.

வழி பிறந்தது டீசல் எஞ்சினால். அவ்வெஞ்சினில் மக்னீற்றோவும் இல்லை, பிளக்கும் இல்லை. அது மோட்டார் வண்டிகளிற் பரவுமாயின் பொஷ் நிறுவனத்தின் பிழைப்பே கெடும் என்பது வெளிப்படை. வருவதைத் தடுக்க முயலாமல், வருவதற்கு வேண்டிய கருவியைத் தாமே செய்வதென 1922ஆம் ஆண்டின் இறுதியிலே பொஷ் அவர்கள் தீர்மானித்தார். பல்வேறு அமைப்புகள் செய்யப்பட்டுச் சோதிக்கப்பட்டன. ஐந்தாண்டு உழைப்பின் பயனாய் 1927ஆம் ஆண்டு டீசல் பம்பி பெருந்தொகையாய்ச் செய்யப்படலாயிற்று.

அப்பம்பியின் உயிர்நாடி ஓர் உருக்குத் தண்டும் அது நுழையும் குழலுமாகும். இரண்டுக்கும் இடையிலுள்ள வெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கே; ஒரு தலைமயிரின் பருமன் அதனிலும் பன்மடங்கு பெரியது. இறப்பர் வளையமோ தோலோ இன்றி, உருக்கோடு உருக்கு பொருந்திய செம்மையினாலேயே எண்ணெய் கசியாது தடுக்கப்பட்டது. தண்டின் மேலே சாய்வாக வெட்டிய விளிம்பொன்று உண்டு. தண்டைச் சிறிது திருப்பினால் அவ்விளிம்பு துளையைத் திறக்கும் நேரம் மாறும்; பாயும் எண்ணெயின் அளவும் மாறும். ஒரு தண்டையும் அதன் குழலையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தியபின், வேறொன்றின் துணையோடு அதனை மாற்றல் ஆகாது. பம்பி திருத்துவோர் இன்றும் அவ்விணையைப் பிரியாது வைப்பதற்குக் காரணம் இதுவே.

பெற்றோலின் சிக்கல்

டீசலுக்குச் செய்த பம்பியிற் பெற்றோலை வார்த்தால் யாது குறை என வினவலாம். டீசல் எண்ணெய் தானே வழுவழுப்புடையது. தான் செல்லும் உலோகத்தைத் தானே காக்கும். பெற்றோல் நீர்த்தது, வழுவழுப்பற்றது, உலோகத்தின் மேலுள்ள எண்ணெயையும் கழுவி அகற்றுவது. அதனால் தண்டும் குழலும் விரைவில் உராய்ந்து பற்றிக்கொண்டன. நுண்ணிய இடைவெளியூடும் பெற்றோல் கசிந்தது. சிறிது வெப்பம் ஏறினும் ஆவிக் குமிழ்கள் தோன்றி அளவைக் கெடுத்தன. ஒரு நிமிடத்தில் 2400 தடவை சுழலும் நாலடிப்பு எஞ்சினில், உருளை ஒவ்வொன்றுக்கும் செக்கனுக்கு 20 தடவை பெற்றோல் பாய்ச்சப்படல் வேண்டும். ஒவ்வொரு முறையும் அளவு ஒத்திருத்தல் வேண்டும். தண்டைச் சூழ எஞ்சின் எண்ணெயை அழுத்தத்தோடு ஊட்டிப் பெற்றோலைத் தடுத்தும், குமிழ்களை முன்னரே பிரித்தகற்றியும் பொஷ் நிறுவனப் பொறியியலாளர் இச்சிக்கலை அவிழ்த்தனர்.

அவர்தம் வெற்றி முதலிற் சென்றடைந்தது மக்கள் ஏறிச் செல்லும் மோட்டார் வண்டியையன்று. 1937ஆம் ஆண்டு, பன்னிரண்டு உருளைகளையுடைய டைம்லர்-பென்ஸ் 601 என்னும் விமான எஞ்சினிலே பொஷ் பம்பி பொருத்தப்பட்டது. மெஸ்ஸஷ்மிற் 109 என்னும் போர் விமானத்தை இயக்கியது அவ்வெஞ்சின். 1940ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வானிலே நடந்த போரில் இதன் விளைவு தெளிவாயிற்று. ஜேர்மன் விமானி விமானத்தின் மூக்கைத் திடீரெனக் கீழே தாழ்த்திப் பாய்வார். எஞ்சின் சிறிதுந் தயங்காது. பின்தொடர்ந்த ஸ்பிற்பயரும் ஹரிக்கேனும் அவ்வாறே செய்யும்போது, மிதவைக் காபரேற்றரிற் பெற்றோல் மேலெழுந்து எஞ்சின் திணறும். அக்கண நேரத்திற் பகைவர் தப்பிவிடுவர். பார்ன்பறோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பியற்றிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியியலாளர், துளையிட்ட சிறு உலோகத் தடையொன்றைப் பெற்றோற் குழாயிற் பொருத்தி, 1941ஆம் ஆண்டு இக்குறையைப் பெருமளவு தணித்தார். சிறு தட்டொன்றாற் பெருஞ் சிக்கலைத் தணித்த அவரது அறிவும் போற்றற்குரியதே.

போரின் நிழல்

பொஷ் அவர்கள் போரை விரும்பியவரல்லர். முதலாம் உலகப் போரின் பின், ஜேர்மனியும் பிரான்சும் பகை மறந்து ஒன்றாதல் வேண்டுமென்று உழைத்தார். ஐரோப்பிய ஒற்றுமை இயக்கத்துக்குப் பொருளுதவியும் புரிந்தார். 1933ஆம் ஆண்டு ஹிற்லர் ஆட்சி தோன்றியபின், அவ்வாட்சியின் கொடுமையை அவர் வெறுத்தார். அவருடைய நிறுவனத்தின் தலைமையிலிருந்த ஹான்ஸ் வால்ஸ் என்பார், யூதர்கள் நாட்டை விட்டுத் தப்பிச் செல்வதற்குப் பொஷ் அவர்களின் ஆதரவோடு மறைவாகப் பணமும் உதவியும் வழங்கினார். ஆட்சிக்கு எதிராய் இயங்கிய கார்ல் கோர்டெலருக்கு 1937ஆம் ஆண்டு நிறுவனத்தில் ஆலோசகர் பதவி அளிக்கப்பட்டது. அப்பதவியின் மறைவிலேயே அவர் நாடு நாடாய்ச் சென்று ஹிற்லருக்கு எதிராக ஆதரவு தேடினார். கோர்டெலர் 1945ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்டார். வால்ஸ் அவர்களின் உதவியை இஸ்ரவேல் நாட்டார் 1969ஆம் ஆண்டு சிறப்பித்து மதித்தனர்.

இவை ஒருபுறமிருக்க, மறுபுறத்தையும் மறைத்தல் ஆகாது. அதே நிறுவனம் அதே ஆட்சியின் போர்ப்படைக்கு மக்னீற்றோவும் பம்பியும் ஓயாது செய்தளித்தது. போர்க் காலத்தில், வலிந்து கொண்டுவரப்பட்ட அயல்நாட்டாரும் சிறைப்பட்டோருமாக ஏறத்தாழ 20,000 பேர் அதன் தொழிற்சாலைகளில் வேலை வாங்கப்பட்டனர். எட்டு மணி நேர வேலையை உலகுக்கு முன்மாதிரியாகத் தந்த பெயரின் கீழ் இதுவும் நடந்தது. கையிலொன்றும் கருத்திலொன்றுமாய் வாழ நேர்ந்த முதியவரின் மனவேதனையை நாம் உய்த்துணரலாம். அவ்வேதனை அங்கே அல்லலுற்றோரின் துயரை ஆற்றியதன்று என்பதையும் உணர்தல் வேண்டும்.

1942ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆந் திகதி, எண்பதாவது வயதில், ஸ்ருட்கார்ட் நகரிலே பொஷ் அவர்கள் உலக வாழ்வை நீத்தார். அவர் வெறுத்த ஆட்சியினரே அரச மரியாதையோடு இறுதிச் சடங்கை நடத்தி, அவர் புகழைத் தமதாக்க முயன்றனர்.

அவர் மறைந்து ஒரு திங்கள் நிறைவதற்குள், அப்போரின் நெருப்பு நமது வாயிலையும் வந்தடைந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆந் திகதி காலை, யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத் தளத்தின் மீதும் குண்டு வீசின. எண்ணெய்த் தாங்கி ஒன்று தீக்கிரையாயிற்று. சீனன்குடாவிலிருந்து எழுந்து எதிர்த்தவை காபரேற்றர் பொருத்திய ஹரிக்கேன் விமானங்களே. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் கடலில் மூழ்கிற்று. எஞ்சினின் நுண்மை எத்துணை உயரினும், அதனை ஏவும் மனம் தாழ்ந்தால் விளைவு யாதென்பதைப் பாலையூற்றும் அயலூர்களும் அன்று புகையாகவே கண்டன.

மறைவுக்குப் பின்

போர் ஓய்ந்தபின் அப்பம்பி தனக்குரிய நல்வழியை அடைந்தது. 1951–52ஆம் ஆண்டுகளிலே குட்புரொட், கோலியாத் என்னும் சிறு கார்களிற் பெற்றோல் உட்பாய்ச்சல் பொருத்தப்பட்டது. 1954ஆம் ஆண்டு மேர்சிடிஸ் 300 எஸ்.எல். என்னும் விரைவுக் காரில் அது பெரும்புகழ் பெற்றது. ஆயினும் அதன் விலை சாதாரண மக்களுக்கு எட்டாததாயிருந்தது. 1967ஆம் ஆண்டு பொஷ் நிறுவனத்தார், உருக்குத் தண்டுக்குப் பதிலாக மின்னணுக் கருவியால் அளவை ஆளும் முறையொன்றை வொக்ஸ்வாகன் 1600 காரிற் பொருத்தினர். புகையைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் எழுந்த சட்டங்களே அதற்குத் தூண்டுகோலாயின. 1976ஆம் ஆண்டு, புகையிலுள்ள ஒட்சிசனை உணர்ந்து பெற்றோலின் அளவைத் திருத்தும் உணர்கருவியும் சேர்க்கப்பட்டது. வானிலே பகைவரை வெல்வதற்கு வளர்க்கப்பட்ட நுண்மை, நகரத்தின் காற்றைத் தூயதாக்கும் பணிக்குத் திரும்பிற்று. பாரதத்திலும் பெங்களூரிலே 1951ஆம் ஆண்டு மைக்கோ என்னும் பெயரோடு நிறுவப்பட்ட தொழிற்சாலை, பிளக்கையும் டீசல் பம்பியையும் தென்னாசியாவிலேயே செய்யும் வாய்ப்பை உண்டாக்கிற்று.

பொஷ் அவர்கள் தேடிய செல்வம் பிற்சந்ததியாரின் இன்ப வாழ்வில் முடியவில்லை. நிறுவனத்தின் பங்குகளிற் பெரும்பகுதி 1964ஆம் ஆண்டு அறக்கட்டளையின் வசமாயிற்று. மருத்துவம், கல்வி, நாடுகளிடை நல்லுறவு ஆகியவற்றுக்கு அதன் வருவாய் செலவாகின்றது. அவர் வாழ்நாளிலேயே, 1940ஆம் ஆண்டில், திறக்கப்பட்ட மருத்துவமனையும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

எனினும் அவர் விட்டுச்சென்ற பெயருக்கு அண்மையிலும் ஒரு சோதனை நேர்ந்தது. டீசல் கார்களின் புகையளவைச் சோதனைக் கூடத்தில் மாத்திரம் குறைத்துக் காட்டும் சூழ்ச்சி 2015ஆம் ஆண்டு அம்பலமாயிற்று. அச்சூழ்ச்சி நடந்த கார்களின் எஞ்சினை ஆளும் கருவிகளுட் பொஷ் நிறுவனம் வழங்கியவையும் இருந்தன. மேற்பார்வையிற் கவனந் தவறியமைக்காக 2019ஆம் ஆண்டு ஸ்ருட்கார்ட் அரச வழக்குத்தொடுநர் அந்நிறுவனத்துக்கு 9 கோடி யூரோ தண்டம் விதித்தனர். பணத்தை இழந்தாலும் பிறர் வைத்த நம்பிக்கையை இழத்தல் கூடாதென்பதைத் தமது வாணிகத்தின் முதல் விதியாகக் கொண்டிருந்தவர் அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் என்பதை நினைக்குந்தோறும், அத்தண்டத்தின் பாரம் பணத்தால் அளக்கத்தக்கதன்று எனத் தோன்றுகின்றது.

ஆகவே, இப்பெரியாரின் வரலாறு நம் கல்லூரியிற் பயின்றோர்க்கும் பயில்வோர்க்கும் உணர்த்துவது ஒன்றுண்டு. துறைமுகத்திலும் புகையிரதப் பகுதியிலும் பட்டறையிலும் காரியாலயத்திலும் தொழில் புரிவோர் நம்முட் பலர். ஆயிரத்திலொரு மில்லிமீற்றர் வரை அளக்கும் கருவியை நாம் கற்றுக் கையாளலாம். அக்கருவி எதற்குப் பயன்படுகின்றதென அளக்கும் கருவி நம் நெஞ்சினுள்ளேயே இருத்தல் வேண்டும். முன்னையது தேய்ந்தாற் புதிதாய் வாங்கலாம். பின்னையது தேய்ந்தால் அதனை விற்கும் கடை உலகில் எங்கும் இல்லை. கைத்திறனாற் பெற்ற பேற்றைப் பிறர்க்கு ஈந்தும், இயன்றவிடத்தில் அறத்தின் பக்கம் நின்றும், இயலாதவிடத்தில் தம் பெயர் கறைபடுவதைக் கண்டும் வாழ்ந்து மறைந்த ரொபேட் பொஷ் அவர்களின் வாழ்வை, அதன் ஒளியோடும் நிழலோடும் கற்றல் நம் இளைஞர் கடனாகும்.